அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் டென்னிஸ் பயிற்சியாளர் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போட்டி டென்னிஸ் ஆடி முடித்தபின் என்ன செய்வது என்று யோசிக்கும் வீராங்கனைகளும், மகளை அமெரிக்கக் கல்லூரி அணியில் சேர்க்க நினைக்கும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபோர்ஹேண்ட் சொல்லிக்கொடுப்பது இந்த வேலையில் சிறு பங்குதான். ஆளைத் தேடிப் பிடிப்பதும், பிடித்த ஆளைத் தக்கவைப்பதும்தான் பெரும் பங்கு.

கல்லூரி அணிக்குப் பயிற்சி கொடுப்பது ஒரு முழுநேர வேலையா?

அமெரிக்காவில் ஆம். அங்கே பல்கலைக்கழக விளையாட்டு தனி நிர்வாகமும் தனி பட்ஜெட்டும் கொண்டது. கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ என்ற அமைப்பு கல்லூரிகளை மூன்று பிரிவுகளாக வைத்திருக்கிறது. முதல் இரண்டு பிரிவுகளில் விளையாட்டு உதவித்தொகை உண்டு, மூன்றாம் பிரிவில் கிடையாது. ஹார்வர்ட், பிரின்ஸ்டன் போன்ற ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் முதல் பிரிவில் ஆடினாலும் விளையாட்டுக்கென்று உதவித்தொகை தருவதில்லை. கல்லூரி டென்னிஸுக்கென்றே ஐடிஏ என்ற பயிற்சியாளர் சங்கம் 1956 முதல் இயங்குகிறது. தரவரிசை போடுவதும், விதிப்புத்தகம் எழுதுவதும், பருவத்தின் பெரிய போட்டிகள் சிலவற்றை நடத்துவதும் அதன் வேலை.

நம்மவர்களுக்கு இந்த உலகம் அறிமுகமானது பெரும்பாலும் சோம்தேவ் தேவ்வர்மன் மூலம்தான். வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக ஆடி 2007, 2008 இரு ஆண்டும் கல்லூரி ஒற்றையர் பட்டம் வென்றவர். அதே வர்ஜீனியாவின் பெண்கள் அணியிலிருந்து வந்தவர்கள் டேனியல் காலின்ஸும் எம்மா நவாரோவும். காலின்ஸ் 2014-லும் 2016-லும் கல்லூரிப் பட்டம் வென்று, 2022 ஆஸ்திரேலிய ஓப்பன் இறுதி வரை போனார். நவாரோ 2021 கல்லூரிச் சாம்பியன், 2024 யுஎஸ் ஓப்பன் அரையிறுதிக்காரர். ‘கல்லூரிக்குப் போனால் டென்னிஸ் முடிந்தது’ என்ற பழைய பேச்சு இப்போது எடுபடுவதில்லை.

டென்னிஸ் தனிநபர் ஆட்டம். அதில் அணி எங்கிருந்து வருகிறது?

இதைப் புரிந்துகொண்டால்தான் பயிற்சியாளரின் வேலை புரியும்.

இரண்டு கல்லூரிகள் மோதும் ஒரு போட்டியில் மொத்தம் ஏழு புள்ளிகள். முதலில் மூன்று இரட்டையர் ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடக்கும். ஒவ்வொன்றும் ஒரே ஒரு செட். மூன்றில் இரண்டை வென்ற அணிக்கு ஒரு புள்ளி. அது முடிந்ததும் ஆறு ஒற்றையர் ஆட்டங்கள், ஒவ்வொன்றும் மூன்று செட்களில் இரண்டு வெல்லும் கணக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. நான்கு புள்ளியை முதலில் தொடும் அணிக்கு வெற்றி. டியூஸ், அதாவது 40-40, வந்தால் அட்வான்டேஜ் கிடையாது. அடுத்த ஒரு புள்ளியிலேயே கேம் தீர்ந்துவிடும்.

அதாவது முதல் இடத்தில் ஆடும் நட்சத்திரத்தின் வெற்றிக்கும் ஆறாம் இடத்தில் ஆடும் முதலாண்டு மாணவியின் வெற்றிக்கும் மதிப்பு ஒன்றுதான். உலகத் தரவரிசையில் இருக்கும் ஒருத்தியை மட்டும் கொண்டுவந்து கோப்பையை வெல்ல முடியாது. நல்ல பயிற்சியாளர்கள் நான்கு, ஐந்து, ஆறாம் இடங்களுக்கு ஆள் தேடுவதில் மண்டையை உடைத்துக்கொள்வது இதனால்தான். ஸ்டான்ஃபோர்டு பெண்கள் அணி 2016-லும் 2018-லும் தேசியப் பட்டம் வென்றபோது இரண்டு தடவையும் அதன் தரநிலை 15. இரண்டு இறுதிப் போட்டிகளும் 4-3. அந்த அணியின் கீழ்வரிசை அவ்வளவு ஆழமாக இருந்தது.

ஆட்டம் நடக்கும்போது பயிற்சியாளர் என்ன செய்கிறார்?

கோர்ட்டுக்குள்ளேயே இருக்கிறார். தொழில்முறை டென்னிஸில் கேலரியிலிருந்து பயிற்சி சொல்வதையே 2025-இல்தான் முழுமையாக அனுமதித்தார்கள். கல்லூரியில் அது வெகுகாலமாக இருக்கும் பழக்கம். பக்கம் மாறும் இடைவெளியில் மட்டுமல்ல, ஆட்டத்தைத் தாமதப்படுத்தாத வரை இரண்டு புள்ளிகளுக்கு நடுவிலும் பேசலாம்.

ஆறு கோர்ட்டிலும் ஆட்டம் ஓடுகிறது, பயிற்சியாளர்களோ இரண்டு பேர் அல்லது மூன்று பேர். எந்த கோர்ட்டில் நிற்பது, எதை விடுவது என்பதுதான் அன்றைய பெரிய முடிவு. முதல் செட்டைச் சுலபமாக வென்றவளிடம் போய் நிற்பது வீண். 1-5 என்று பின்தங்கியவளிடம் நின்றாலும் பலன் சந்தேகம். 4-4 என்று இருக்கும் இடத்தில் நிற்க வேண்டும், அதுவும் யாருக்குப் பேச்சு உதவும், யாருக்குப் பேசினால் எரிச்சல் வரும் என்று தெரிந்து நிற்க வேண்டும். சிலருக்கு ‘அடுத்த சர்வை உடம்புக்கு நேராகப் போடு’ என்ற ஒரு வரி போதும். சிலருக்கு நீங்கள் அங்கிருந்து நகர்ந்துபோவதே பெரிய உதவி.

2011 தேசிய இறுதிப் போட்டியைப் பழைய ஆட்கள் இன்றும் பேசுவார்கள். ஸ்டான்ஃபோர்டு தன் சொந்த மைதானத்தில் 1999-க்குப் பின் தோற்றதே இல்லை. தொடர்ச்சியாக 184 வெற்றி. எதிரே ஃபுளோரிடா. கணக்கு 3-3. கடைசியாக மிஞ்சிய ஒரு கோர்ட்டில் மூன்றாம் செட்டில் ஃபுளோரிடாவின் லாரன் எம்ப்ரீ 0-4 பின்தங்கியிருக்கிறார். அங்கிருந்து திரும்பி வந்து வென்றார். அணிக்குப் பட்டம், ஸ்டான்ஃபோர்டின் தொடர் அன்றோடு முடிந்தது. மற்ற ஐந்து கோர்ட்டும் முடிந்துவிட்டால் இரு அணியும் இரு பக்கப் பயிற்சியாளர்களும் எஞ்சிய ஒரே கோர்ட்டைச் சுற்றி வந்து நின்றுவிடுவார்கள். அந்த அழுத்தத்தை மாணவிக்குப் பழக்கிவைப்பது பல மாதத்து வேலை.

யாரை எந்த இடத்தில் ஆடவிடுவது என்பதைப் பயிற்சியாளரே தீர்மானிக்கலாமா?

தீர்மானிக்கலாம், இஷ்டத்துக்கு முடியாது. திறமை வரிசைப்படிதான் ஆடவேண்டும் என்பது விதி. பலமான எதிராளிக்கு முன்னால் உங்கள் பலவீனமான ஆளை நிறுத்தி, நல்ல ஆளைக் கீழே இறக்கிப் புள்ளி தேற்றும் தந்திரத்துக்கு இடமில்லை. எதிரணி புகார் கொடுக்கலாம். ஆனால் மூன்றாம் இடத்துக்கும் நான்காம் இடத்துக்கும் நடுவில் உண்மையாகவே வித்தியாசம் தெரியாத நிலை எல்லா அணியிலும் உண்டு, அங்கேதான் தலைவலி ஆரம்பிக்கும்.

அதைவிடப் பெரிய தலைவலி வெளியே உட்காருபவர்கள். அணியில் எட்டு முதல் பத்துப் பேர். ஒற்றையரில் ஆடுவது ஆறு பேர். மிச்சமிருக்கும் பெண்கள் ஒவ்வொருவரும் தங்கள் ஊரில், தங்கள் நாட்டில் முதலிடத்தில் இருந்து வந்தவர்கள். வாழ்க்கையில் முதல்முறையாகப் பெஞ்சில் உட்காருகிறார்கள். பெற்றோர் தொலைபேசியில் வருவார்கள். ஏன் ஆடவில்லை என்பதற்கு நேர்மையான, எண்களோடு கூடிய பதில் பயிற்சியாளரிடம் இருக்க வேண்டும். அணிக்குள் நடந்த பயிற்சி ஆட்டங்களின் முடிவுகளை ஒழுங்காக எழுதிவைக்கும் பழக்கம் இங்கே காப்பாற்றும்.

ஒரு வருடம் எப்படிப் போகும்?

ஆகஸ்ட் கடைசியில் மாணவிகள் வந்து சேர்வார்கள். செப்டம்பர் முதல் நவம்பர் வரை தனிநபர் போட்டிகள். தேசிய ஒற்றையர், இரட்டையர் பட்டப் போட்டிகள் முன்பு மே மாதத்தில் அணிப் போட்டி முடிந்த கையோடு நடக்கும். 2024-இல் அவற்றை நவம்பருக்கு மாற்றிப் பார்த்தார்கள். ஜனவரியில் அணிப் போட்டிகள் தொடங்கும், பிப்ரவரியில் உள்ளரங்கத் தேசியப் போட்டி, ஏப்ரலில் கல்லூரிகள் குழுவாகச் சேர்ந்து ஆடும் அந்தந்தக் கூட்டமைப்பின் பட்டம், மே மாதம் 64 அணிகள் மோதும் தேசியப் போட்டி. கோடையில் ஆள் பார்க்கப் பயணம், சிறுவர் முகாம்கள்.

மாணவிகளின் நேரத்துக்கு வரம்பு உண்டு. பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் கட்டாயப் பயிற்சி கூடாது, ஒரு நாள் முழு ஓய்வு தர வேண்டும். பருவம் இல்லாதபோது 8 மணி நேரம். பயிற்சியாளரின் நேரத்துக்கு அப்படி எந்த வரம்பும் இல்லை. பயணச் சீட்டு, தங்குமிடம், சாப்பாடு, தேர்வு தேதி மோதினால் பேராசிரியருக்குக் கடிதம், நன்கொடையாளருக்கு நன்றிக் கடிதம், இரவில் ராக்கெட்டுக்கு ஸ்ட்ரிங் கட்டுவது எல்லாம் இதில் அடக்கம். சிறிய கல்லூரியில் வேன் ஓட்டுவதும் சேர்ந்துகொள்ளும்.

2024-இல் கல்லூரிக் கூட்டமைப்புகள் கலைந்து மாறியதில் இன்னொரு கூத்து. பசிபிக் கரையோரம் இருக்கும் ஸ்டான்ஃபோர்டு இப்போது அட்லாண்டிக் கரைக் கூட்டமைப்பில் ஆடுகிறது. அமெரிக்கக் கால்பந்தின் ஒளிபரப்புப் பணத்துக்காக எடுத்த முடிவு அது. நாடு முழுக்கக் குறுக்கே பறந்துவிட்டு மறுநாள் காலை வகுப்பில் உட்காருவதோ டென்னிஸ் பெண்கள்.

ஆள்சேர்ப்பு என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதில் என்ன அவ்வளவு?

எல்லாமே அதில்தான். நடுத்தரப் பயிற்சியாளர் சிறந்த ஆட்களோடு ஜெயித்துவிடலாம், சிறந்த பயிற்சியாளர் சுமாரான ஆட்களோடு முதல் பிரிவில் ரொம்ப தூரம் போக முடியாது. இது கசப்பாக இருக்கலாம், ஆனால் உண்மை.

முதலில் விதி. பத்தாம் வகுப்பு முடித்த மாணவியோடு ஜூன் 15-க்குப் பிறகுதான் பயிற்சியாளர் தொலைபேசியிலோ குறுஞ்செய்தியிலோ தனிப்பட்ட முறையில் பேசலாம். கல்லூரிக்கு நேரில் வரவழைப்பது அதைத் தொடர்ந்த ஆகஸ்ட் 1 முதல். அதற்கு முன்பு பார்க்கலாம், பேசக் கூடாது. ஜூனியர் போட்டி நடக்கும் இடத்தில் கல்லூரி பெயர் பொறித்த டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு வேலியோரம் மௌனமாக நிற்கும் கூட்டத்தைப் பார்த்திருந்தால் காரணம் இதுதான். சான் டியாகோவில் நடக்கும் 18 வயதுக்குட்பட்ட பெண்கள் தேசியப் போட்டி, ஃபுளோரிடாவின் ஆரஞ்ச் பௌல் மாதிரி இடங்களில் அந்தக் கூட்டம் அதிகம்.

அடுத்தது எண். யூடிஆர் என்ற மதிப்பெண் வந்தபின் உலகத்தின் எந்த மூலையில் ஆடும் பெண்ணையும் ஒரே அளவுகோலில் பார்க்க முடிகிறது. வேலை சுலபமாகிவிட்டது என்று தோன்றும். உண்மையில் எல்லாப் பயிற்சியாளர்களிடமும் அதே எண் இருப்பதால் போட்டி கூடிவிட்டது. எண் சொல்லாததைப் பார்ப்பவருக்குத்தான் அனுகூலம்.

எண் சொல்லாதது எது? தோற்றுக்கொண்டிருக்கும்போது அவள் முகம். கோட்டின் மேல் விழுந்த பந்தை ‘அவுட்’ என்று சொல்கிறாளா என்பது. கல்லூரி டென்னிஸில் பெரும்பாலான ஆட்டங்களில் கோட்டை ஆடுபவர்களே சொல்ல வேண்டும், சுற்றிவரும் நடுவர் தேவைப்பட்டால் திருத்துவார். நேர்மையில்லாத ஒருத்தி வந்தால் அணிக்கே கெட்ட பெயர். ஆட்டம் முடிந்ததும் அம்மாவிடம் எப்படிப் பேசுகிறாள், ராக்கெட் பையைத் தானே தூக்குகிறாளா, அப்பாவிடம் கொடுக்கிறாளா. இரட்டையர் ஆடத் தெரியுமா. ஜூனியர் காலத்தில் பலர் இரட்டையரைக் கண்டுகொள்வதே இல்லை. ஆனால் கல்லூரியில் அந்த ஒரு புள்ளி பல போட்டிகளின் தலையெழுத்து.

கடைசியாக, வேண்டாம் என்று சொல்லும் தைரியம். மதிப்பெண்ணில் கொஞ்சம் மேலே இருந்தாலும் அணிக்குள் பிளவு கொண்டுவருவாள் என்று தெரிந்தால் விட்டுவிட வேண்டும். பத்துப் பேர் உள்ள குழுவில் ஒருத்தியின் குணம் பத்தில் ஒரு பங்கோடு நிற்பதில்லை.

வெளிநாட்டு வீராங்கனைகளை ஏன் இவ்வளவு எடுக்கிறார்கள்?

முதல் பிரிவு டென்னிஸில் இப்போது பாதிக்கும் மேல் வெளிநாட்டு மாணவர்கள்தான். ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் 18 வயதில் சர்வதேச ஜூனியர் போட்டிகளும் சிறிய தொழில்முறைப் போட்டிகளும் ஆடி முதிர்ந்த பெண்கள் கிடைக்கிறார்கள். உள்நாட்டுப் பெற்றோர் இதை எதிர்த்துப் பேசாத ஆண்டு இல்லை. வெற்றியை வைத்து வேலையில் நீடிக்கும் பயிற்சியாளரிடம் போய் வெற்றிக்கு உதவும் ஆளை எடுக்காதே என்று சொல்ல முடியாது என்பது என் எண்ணம்.

வெளிநாட்டிலிருந்து எடுப்பதில் பரிசுப்பணக் கணக்கு ஒரு பொறி. கல்லூரியில் சேருமுன் எவ்வளவு பரிசுப்பணம் வாங்கலாம் என்று என்சிஏஏ ஒரு வரம்பு வைத்திருந்தது. வட கரோலினா பல்கலைக்கழக வீராங்கனை ரீஸ் பிரான்ட்மையர், யுஎஸ் ஓப்பனில் ஆடிச் சம்பாதித்த பணத்தின் பெரும்பகுதியை விட்டுக்கொடுக்க வேண்டி வந்ததை எதிர்த்து 2024-இல் வழக்கே போட்டார். இந்த விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. பயிற்சியாளர் தானே பதில் சொல்லாமல் கல்லூரியின் விதி அலுவலகத்தைக் கேட்டுவிட்டுச் சொல்வதுதான் பத்திரம்.

இந்த வேலைக்கு எந்த வழியாக வருகிறார்கள்?

கல்லூரியில் ஆடிவிட்டு, அங்கேயே முதுகலை படித்துக்கொண்டு உதவியாளராக இருப்பது பழைய வழி. பிறகு உதவிப் பயிற்சியாளர், இணைத் தலைமைப் பயிற்சியாளர், கடைசியில் தலைமை. முன்பெல்லாம் சம்பளமே இல்லாத ‘தன்னார்வப் பயிற்சியாளர்’ என்று ஒரு படி இருந்தது. வீட்டில் வசதி உள்ளவர்கள்தான் அதில் நிற்க முடியும். 2023-இல் அந்த வகையை எடுத்துவிட்டார்கள், நல்ல வேலை.

நடந்த கதைகள் விதவிதமானவை. ஜெஃப் வாலஸ் 1986-இல் ஜார்ஜியா பல்கலைக்கழகப் பெண்கள் அணியை எடுத்து 2023 வரை அதே இடத்தில் இருந்தார். இரண்டு தேசியப் பட்டம். அவரிடம் உதவியாளராக இருந்த டிரேக் பெர்ன்ஸ்டீன் பொறுப்பேற்று 2025-இல் பட்டம் வென்றார். ஸ்டெல்லா சாம்ப்ராஸ் வெப்ஸ்டர், ஆமாம் பீட் சாம்ப்ராஸின் அக்காதான், தான் ஆடிய லாஸ் ஏஞ்சலஸின் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்துக்கே தலைமைப் பயிற்சியாளராகி 2008, 2014 பட்டங்களைக் கொண்டுவந்தார். ஸ்வீடனிலிருந்து வட கரோலினாவுக்கு ஆட வந்த ரோலண்ட் தார்ன்க்விஸ்ட், பின்னாளில் அதன் பெண்கள் அணிக்கே பயிற்சியாளராகி, அங்கிருந்து ஃபுளோரிடா போய் நான்கு தேசியப் பட்டம் எடுத்தார்.

எனக்குப் பிடித்தது ஆலிசன் ஸ்வெய்ன் போன பாதை. உதவித்தொகையே இல்லாத மூன்றாம் பிரிவில், வில்லியம்ஸ் என்ற சிறிய கல்லூரியில் ஆடி, அங்கேயே பயிற்சியாளராகித் தேசியப் பட்டங்களை அடுக்கி, 2017-இல் நேராகத் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் முதல் பிரிவு அணிக்குப் போனார். பெரிய அணியில் பத்து வருடம் உதவியாளராகக் காத்திருப்பதா, சிறிய இடத்தில் சீக்கிரம் தலைமை ஏற்பதா என்று கேட்பவர்களுக்கு நான் இரண்டாவதைச் சொல்வேன். பட்ஜெட், ஒழுக்க நடவடிக்கை, பெற்றோர், தோல்வி எல்லாவற்றுக்கும் கடைசிப் பொறுப்பு தன் தலையில் விழும்போதுதான் இந்த வேலை கைக்கு வரும்.

தொழில்முறையில் ஆடியிருக்க வேண்டுமா? சான்றிதழ் வேண்டுமா?

கட்டாயம் இல்லை. பட்டப்படிப்பு வேண்டும். கல்லூரியில் ஆடிய அனுபவம் பெரிய பலம். தொழில்முறைப் பெயர் ஆள்சேர்ப்பில் முதல் தொலைபேசி அழைப்புக்கு உதவும், இரண்டாவதற்கு உதவாது.

பெண்கள் அணிகளுக்கு ஆண் பயிற்சியாளர்கள் இவ்வளவு பேர் இருப்பது ஏன்?

இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1960-களின் தொடக்கத்தில் டென்னிஸ் வீரர் ஆர்தர் ஆஷ் யுசிஎல்ஏ-வில் முழு உதவித்தொகையில் படித்தபோது, விம்பிள்டனில் இரட்டையர் பட்டம் வென்றிருந்த பில்லி ஜீன் கிங் அதே ஊரில் வேறு கல்லூரியில் உதவித்தொகை இல்லாமல், வேலை பார்த்துக்கொண்டு படித்தார். பெண்களுக்கு அப்படி ஒன்று கிடையாது. 1972-இல் வந்த ‘டைட்டில் நைன்’ சட்டம், மத்திய அரசுப் பணம் வாங்கும் கல்வி நிறுவனத்தில் பால் வேற்றுமை கூடாது என்றது. பெண்கள் அணிகள் பெருகின, பணம் வந்தது. 1982-இல் என்சிஏஏ பெண்கள் டென்னிஸுக்கும் தேசியப் பட்டம் நடத்தத் தொடங்கியது.

பணமும் அந்தஸ்தும் வந்ததும் வேலைக்கு ஆண்களும் வந்தார்கள். டைட்டில் நைனுக்கு முன்பு எல்லா விளையாட்டுகளிலும் சேர்த்துக் கல்லூரிப் பெண்கள் அணிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் பெண்களே பயிற்சியாளர்கள். பிற்பாடு அது பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. பெண்களுக்காக வந்த சட்டத்தின் இந்தப் பக்க விளைவை அன்று யாரும் எதிர்பார்க்கவில்லை. டென்னிஸில் 1982 முதல் 2000 வரை தேசிய அணிப் பட்டம் வென்ற ஒவ்வொரு பெண்கள் அணிக்கும் ஆண்தான் பயிற்சியாளர். அதில் பத்துப் பட்டங்கள் ஸ்டான்ஃபோர்டின் ஃபிராங்க் பிரென்னனுடையவை. அவரிடம் பல ஆண்டுகள் உதவியாளராக இருந்த லேலி ஃபரூட் தலைமைக்கு வந்து 2001-இல் வென்றபோதுதான் அந்த வரிசை உடைந்தது. 2019-க்குள் அவரும் பத்துப் பட்டம் எடுத்துக் குருவின் கணக்கைச் சமன் செய்துவிட்டார்.

பெண்கள் இந்த வேலையில் நீடிக்காததற்குக் காரணம் தேடினால் மேலே சொன்ன வருடாந்தர அட்டவணையை மறுபடி படியுங்கள். வார இறுதி முழுக்கப் பயணம், கோடை முழுக்க ஆள் தேடல். கைக்குழந்தையோடு இதை யார் செய்ய முடியும்? பயணத்தில் குழந்தையையும் பராமரிப்பவரையும் அழைத்துப்போக அனுமதியும் பணமும் தரும் கல்லூரிகளில் பெண் பயிற்சியாளர்கள் தங்குகிறார்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும் பெண்கள் நேர்காணலில் இதைக் கூச்சமில்லாமல் கேட்க வேண்டும்.

சம்பளம் எப்படி?

கால்பந்து, கூடைப்பந்துப் பயிற்சியாளர்களின் கோடிகளை இதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாம். டென்னிஸ் டிக்கெட் விற்றுப் பணம் கொண்டுவரும் விளையாட்டு இல்லை. பெரிய கூட்டமைப்புகளில் தலைமைப் பயிற்சியாளருக்கு வசதியான வாழ்க்கை, பட்டம் வென்றால் ஊக்கத்தொகை. மூன்றாம் பிரிவில் பெரும்பாலும் ஒரே ஆள் ஆண்கள், பெண்கள் இரு அணிகளையும் பார்ப்பார், கூடவே உடற்கல்வி வகுப்பும் எடுப்பார். உதவியாளர் சம்பளம் எங்கேயும் குறைவு. கோடை முகாம்களும் தனிப் பயிற்சியும்தான் பலருக்குக் கையைக் கொடுக்கின்றன. தனியார் கிளப்பில் மணிக்கணக்கில் சொல்லிக்கொடுப்பவர் பல கல்லூரி உதவியாளர்களைவிட அதிகம் சம்பாதிக்கிறார் என்பதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

வேலை நிரந்தரமா?

இல்லை. தோற்றால் போகும் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. வென்றுகொண்டிருக்கும்போதே அணியே இல்லாமல் போகலாம் என்பது பலருக்குத் தெரியாது. 2020-இல் கொரோனாவால் வருமானம் விழுந்தபோது அயோவா, மினசோட்டா இரண்டும் ஆண்கள் டென்னிஸ் அணியைக் கலைத்தன. பெண்கள் அணிக்கு டைட்டில் நைன் ஓரளவு கவசம், ஏனென்றால் நூறு பேருக்கு மேல் உள்ள கால்பந்து அணிக்கு ஈடாகப் பெண்கள் அணிகளைக் காட்ட வேண்டியிருக்கிறது. முழுக் கவசம் என்று நம்பிவிடாதீர்கள்.

பழைய மாணவிகளோடு தொடர்பு வைத்திருப்பதும், மைதானத்துக்கும் உதவித்தொகைக்கும் அறக்கட்டளை நிதி திரட்டுவதும் அணியை வெட்டவிடாமல் காக்கும் வழிகளில் முக்கியமானவை. அதுவும் பயிற்சியாளர் தலையில்தான்.

சமீப ஆண்டுகளில் என்ன மாறியிருக்கிறது?

வேறு வேலையே ஆகிவிட்டது என்று மூத்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். 2018-இல் கல்லூரி மாறுவதற்கான இணையப் பதிவு முறை வந்தது. 2021 ஜூலையில் மாணவர்கள் தங்கள் பெயரை விளம்பரத்துக்குத் தந்து சம்பாதிக்கலாம் என்றானது. 2024-இல் எத்தனை முறை வேண்டுமானாலும் கல்லூரி மாறலாம் என்ற நிலை. 2025 ஜூன் மாதம் நீதிமன்றம் ஒப்புதல் தந்த ‘ஹவுஸ்’ என்ற வழக்கின் உடன்பாட்டின்படி கல்லூரிகளே மாணவர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம், முதல் ஆண்டில் ஒரு கல்லூரிக்கு ஏறத்தாழ 2.05 கோடி டாலர் வரை.

டென்னிஸ் பெண்களுக்கு அதில் சில்லறைதான் வரும். ஆனால் விதிகள் எல்லாரையும் தொடும். முன்பு முதல் பிரிவுப் பெண்கள் அணிக்கு எட்டு முழு உதவித்தொகை, ஆண்களுக்கு நாலரை. உடன்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளில் அந்த வரம்பு போய், அணிக்குப் பத்துப் பேர் என்ற எண்ணிக்கை வரம்பு வந்திருக்கிறது. உதவித்தொகை இல்லாமல் ஆசைக்குச் சேர்ந்து பயிற்சி எடுத்த பதினோராவது பெண்ணுக்கு இடமில்லை.

நடைமுறையில் பெரிய மாற்றம் இதுதான்: பதினாறு வயதில் பார்த்து, இரண்டு வருடம் பேசி, நான்கு வருடம் வளர்த்த காலம் சுருங்கிவிட்டது. ஒவ்வொரு மே மாதமும் சொந்த அணியை மறுபடி ஆள்சேர்ப்பு செய்ய வேண்டியிருக்கிறது.

மாணவிகளின் உடல்நலம், மனநலத்தில் பயிற்சியாளரின் பங்கு என்ன?

கவனிப்பது, உரிய ஆளிடம் அனுப்புவது, அதற்கு மேல் தலையிடாமல் இருப்பது. இளம் வீராங்கனையின் எடையைப் பற்றிப் பயிற்சியாளர் பேசவே கூடாது என்பேன். சரியாகச் சாப்பிடாமல் மாதவிடாய் நின்று, எலும்பு பலமிழந்து, சின்ன விரிசலில் பருவமே போன கதைகள் இந்த விளையாட்டில் நிறைய. ஊட்டச்சத்து நிபுணரும் அணி மருத்துவரும் அதற்கென்றே இருக்கிறார்கள். முதல் செமஸ்டரில் வீட்டு ஏக்கத்தால் ஆட்டம் சரிவதை ‘ஃபார்ம் போய்விட்டது’ என்று தவறாகப் படிப்பவர்கள் உண்டு. பாலியல் துன்புறுத்தல் பற்றித் தெரிந்தால் கல்லூரிக்கு அறிக்கை கொடுத்தாக வேண்டும். ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்கும் உரிமை பயிற்சியாளருக்கு இல்லை.

டென்னிஸ் பயிற்சியாளர்கள் லஞ்ச வழக்கில் சிக்கினார்களே?

2019-இல் வெளியான கல்லூரிச் சேர்க்கை ஊழல் அது. ஒவ்வொரு அணிக்கும் சேர்க்கை அலுவலகத்தில் சில பெயர்களைப் பரிந்துரைக்கும் சலுகை உண்டு. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் ஆண்கள், பெண்கள் அணிகள் இரண்டுக்கும் பயிற்சியாளராக இருந்த கோர்டன் எர்ன்ஸ்ட், ஆட்டமே தெரியாத பணக்காரப் பிள்ளைகளை வீரர்கள் என்று பரிந்துரைத்துப் பணம் வாங்கியதை ஒப்புக்கொண்டு 2022-இல் இரண்டரை ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். அதற்குப்பின் பரிந்துரைத்த மாணவர் உண்மையில் ஆடுகிறாரா என்று சரிபார்ப்பது பல கல்லூரிகளில் வழக்கமானது. சம்பளம் குறைவான ஒரு வேலையின் கையில் பெரிய சேர்க்கைச் சாவியைக் கொடுத்துவிட்டு யாரும் கவனிக்காமல் இருந்ததுதான் அங்கே கோளாறு.

வெளிநாட்டவர் இந்த வேலைக்கு வர முடியுமா?

வருகிறார்கள். அங்கேயே ஆடிப் படித்தவர்களுக்குச் சுலபம். பட்டம் முடித்தபின் மாணவர் விசாவிலேயே ஓராண்டு பயிற்சிப் பணி செய்யலாம், பலர் அந்த ஓராண்டில்தான் உதவியாளராகிறார்கள். பிறகு ஹெச்1பி. பல்கலைக்கழகங்கள் அந்த விசாவின் ஆண்டு எண்ணிக்கை வரம்புக்குள் வராதது பெரிய வசதி. ஆனால் 2025 செப்டம்பரில் அறிவித்த ஒரு லட்சம் டாலர் கட்டணத்துக்குப் பின், நாட்டுக்கு வெளியே இருக்கும் ஒரு உதவிப் பயிற்சியாளரைப் புதிதாக அழைக்கக் கல்லூரிகள் தயங்கும். எனவே படிப்பு வழியாக உள்ளே போவதுதான் இப்போதைக்கு நடைமுறை.

விண்ணப்பத்தில் எதை எழுதினால் கவனிப்பார்கள்?

உங்கள் ஃபோர்ஹேண்ட் தத்துவத்தை ஒரு பத்தியில் முடியுங்கள். நீங்கள் கொண்டுவந்த மாணவிகள் யார், வந்தபோது அவர்கள் யூடிஆர் என்ன, போகும்போது என்ன, எத்தனை பேர் பட்டம் முடித்தார்கள், எத்தனை பேர் வேறு கல்லூரிக்குப் போனார்கள் என்று எழுதுங்கள். கடைசி எண்ணை மறைக்க வேண்டாம். நேர்காணலில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.